பதினெட்டு எலிகள்

மேல்விஷாரம் தோல் ஷாப்பில்
ஈரத்தோல் தூக்கித் தூக்கி
தோள்நாண் கிழிந்த இம்தியாஸ்
ஜிம்காரர் தந்த தாளோடு வந்தான்.
"பெப்டைடாம். பதினஞ்சு நாள்ல ஒட்டிக்குமாம்.
படிச்சுச் சொல்லு."

படித்தேன்.
ஒட்டியிருக்கிறது, உண்மைதான்,
பதினெட்டு எலிகளுக்கு.
எதற்கு மருந்து, எதற்கு வெறும் உப்புநீர் என்று
அளந்தவருக்கு முன்பே தெரியும்.
அடிக்குறிப்பில் இன்னும் பன்னிரண்டு ஆய்வுகள்:
அதே கூடம், அதே பெயர்கள்.
ஒரே ஆள் பன்னிரண்டு தரம் கூண்டேறினால்
சாட்சி பன்னிரண்டா?

தண்ணியில்லா ஆறு, ராஜாவில்லாக் கோட்டை என்று
வேலூரைக் கேலி செய்வார்களே,
அதோடு சேர்த்துக்கொள் என்றேன்:
மனுஷனில்லா ஆய்வு.

அவன் சிரிக்கவில்லை.
"அப்போ பொய்யா?"

பொய்யென்று சொல்லவும்
என் கையில் எதுவுமில்லை.
பாலாற்று மணலில் யாரும் தோண்டாத இடம் அது.
ஊற்று இல்லை என்று எப்படிச் சொல்ல?
குடத்தோடு வா என்றுதான் எப்படிச் சொல்ல?

சட்டைப் பையிலிருந்து குப்பியை எடுத்தான்.
'மனிதப் பயன்பாட்டுக்கு அல்ல',
எறும்பளவு எழுத்து.
வெளிச்சத்தில் பிடித்து
வெகுநேரம் உருட்டிக்கொண்டிருந்தான்.

"எலிக்கென்ன, படுத்துக் கெடக்கலாம்.
எனக்குத் திங்கக்கிழமை லோடு வருது."