வியாழன், இரண்டு முப்பது

ராயப்பேட்டை மணிக்கூண்டுக்குப் பின்னால்
மழை விட்ட அரை மணிக்குள்
பெஞ்சைத் துடைத்துப் போட்ட டீக்கடையில்
விழாப் புத்தகத்தை விரித்தோம்.
நூற்று நாற்பது படம், எட்டு நாள், ஆறு அரங்கு.
எனக்கு மிச்சமிருந்த தற்செயல் விடுப்பு
இரண்டரை.

தஸ்லீமா கட்டம் போட்ட தாளோடு வந்திருந்தாள்.
பள்ளிக்கூடத்தில் கால அட்டவணை போடுகிறவள்,
முப்பத்தொரு வாத்தியார்களை
ஒரே வகுப்பில் முட்டவிடாமல் காப்பவள்.
அவளாலும் ஆகவில்லை.
ஜார்ஜியாவும் சிலியும்
சனிக்கிழமை பத்தேகாலுக்குக்
கொம்பு கோத்து நின்றன.

'நடுவுல இருபது நிமிஷம்தான். அண்ணா சாலையத் தாண்டணும்.'
'தாண்டலாம்' என்றான் இளவழுதி,
'பேரு ஓட ஆரம்பிச்சதும் எழுந்து ஓடினா.'
ஆரோக்கியம் அவனைப் பார்த்தான்.
கடைசிப் பெயர்வரை படித்துவிட்டு எழுகிற ஆள் ஆரோக்கியம்,
ஒலிப்பதிவு உதவியாளரின் உதவியாளர் வரைக்கும்.
போன வருஷம் இவன் ஒருத்தனுக்காகத்
துடைப்பத்தோடு காத்திருந்தார் ஒரு அம்மா.

இளவழுதிக்கு ஒரே நிபந்தனை, படத்தில் கடல் வேண்டும்.
காசிமேட்டில் வளர்ந்தவன்.
அடுத்த நாட்டுக் கடலில் என்ன வலை போடுகிறார்கள் என்று
கழுத்தை நீட்டிக்கொண்டு பார்ப்பான்.
கதையில் செத்தது யார் என்று கேட்டால் தெரியாது.
'கண்ணி பெருசு' என்பான்.
'குஞ்செல்லாம் தப்பிச்சிரும்.'

விதவை, குதிரை, பனிக்காலம்.
மூன்று நாட்டுக்கு இதே கதைச்சுருக்கம்.
எந்தக் குதிரை நல்ல குதிரை என்பதில்
இரண்டு டீ ஆறிப்போனது.

பச்சை மை என்றால் கட்டாயம்.
மஞ்சள், இடம் கிடைத்தால்.
சிவப்பு, சண்டை.
தாளெல்லாம் சிவப்பு.

எடுத்த எடுப்பில் எல்லோரும் அடித்தது ஒன்றைத்தான்.
கஜகஸ்தான், மூன்று மணி பன்னிரண்டு நிமிஷம்.
ஒருவர் ஒரு குளிர்சாதனப் பெட்டியைப் பழுது பார்க்கிறார்.
அவ்வளவுதான் சொல்கிறது புத்தகம்.
நாலு பேனாவும் அதன்மேல் ஓடியிருந்தன.

தாளில் ஐந்து பத்தி இருந்தது.
நாங்கள் நாலு பேர்.
யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஏழு மணிக்கு வசந்தமல்லி அழைத்தாள்.
போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்தோம்.
அவளுக்குப் பின்னால் ஏதோ கருவி
விட்டு விட்டுக் கூவிக்கொண்டிருந்தது.
அப்பாவுக்கு வாரத்தில் மூன்று டயாலிசிஸ்.
'வியாழன் மட்டும் தம்பி வந்து பாத்துக்கறான்.
ரெண்டரைலேர்ந்து ஆறு.
ஒரே ஒரு படம். எது போலாம்?'

முப்பது பொறுக்குகிறவர்களுக்கு
ஒன்று சொல்ல வாய் வரவில்லை.
ஆரோக்கியம் ஈரானை எடுத்தான், கீழே வைத்தான்.
அதில் ஆஸ்பத்திரி வருகிறது.
இளவழுதி தன் கடலையே கொடுக்கப் பார்த்தான்,
உடனே கையை இழுத்துக்கொண்டான்.
அதில் அப்பா மூழ்குகிறார்.
நகைச்சுவை என்று போட்டிருந்த போலந்துப் படத்தில்
விரலை வைத்தேன் நான்.
படத்தில் இருந்த மனிதரின் முகத்தைப் பார்த்து
விரலை எடுத்தேன்.

'ஏய், லைன்ல இருக்கீங்களா?
படம் எதுனாலும் சரி.
ஏசி நல்லாருக்கணும்.
வெடிச் சத்தம் கூடாது.
மூணு மணி நேரத்துக்குக் குறையவே கூடாது.
நான் தூங்கணும்டி.'

தஸ்லீமா பச்சைப் பேனாவின் மூடியைப்
பல்லால் இழுத்தாள்.
நாலு கோட்டுக்கு அடியில்
இன்னும் படிக்க முடிந்தது கஜகஸ்தானை.
அரங்கு இரண்டு. வியாழன். இரண்டு முப்பது.

அதே நேரத்துக்கு வேறெங்கோ
சிலி மறுபடி ஓடுகிறது.
எங்கள் நாலு பேருக்கும் அது தெரியும்.
ஐந்து பத்தியிலும் டிக் விழுந்தது.

சுவரோர இருக்கை அவளுக்கு.
போர்வை என் பொறுப்பு.
பெயர்கள் ஓடி முடியும்வரை
அவளை எழுப்பக் கூடாதென்றான் ஆரோக்கியம்.
இந்த ஒரு முறை இளவழுதி மறுக்கவில்லை.
காசு கொடுத்துவிட்டு எழும்போதுதான் கேட்டான்:
'கஜகஸ்தான்ல கடல் உண்டா?'

'ரெண்டு இருந்துச்சு' என்றான் ஆரோக்கியம்.
'ஒண்ணு வத்திப்போச்சு.'