டப்பா எடை போக

மண்டபத்தில் நண்டுக் கம்பெனியில்
எடை எழுதுகிறவள் நான்.
நீலக்கால் நண்டு, கிலோவுக்கு ஐம்பது கிராம்
தண்ணீர்க் கழிவு என்று
வல்லத்துக்காரர் முகத்தைப் பார்க்காமல் எழுதுவேன்.
பார்த்தால் கை முப்பது என்று எழுதிவிடும்.

வீட்டில் நான் எடை பார்ப்பது ஒரு பல்லியை.

மாடி அறையில் வாடகைக்கு இருந்த ரெனில்,
பட்டம் கட்டிக் கடலில் சறுக்கச்
சொல்லிக்கொடுக்க வந்தவன்,
மூன்று மாத பாக்கிக்கு
ஒரு கேஸ் அடுப்பையும் இதையும் விட்டுப் போனான்.
அடுப்பு எரியவில்லை.
இது கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து
இமை தட்டிப் பார்த்தது.

ஆமாம், இமை.
நம் வீட்டுப் பல்லிக்கு இமை கிடையாது,
இதற்குச் சுவர் கிடையாது.
விரலில் பசை இல்லாத பிறவி,
மஞ்சளில் கறுப்புப் புள்ளி தெறித்த உடம்போடு
தரையிலேயே நடக்கும்.
நல்லதும் சொல்லாது, கெட்டதும் சொல்லாது.
"சொல்லாத பல்லிக்கு எதுக்குடி தீனி?" என்றாள்
பக்கத்து வீட்டு லூர்தம்மாள்.

ரெனில் ஒட்டிவைத்த தாளில் இருந்தது:
வாரத்துக்கு இரண்டு வேளை, வேளைக்கு ஆறு பூச்சி.
இரண்டு கண்ணுக்கு நடுவே உள்ள அகலத்தைவிட
பூச்சி பெரிதாக இருக்கக் கூடாது.
கால்சியம் பொடியில் புரட்டிப் போடவும்.
மெழுகுப் புழு எப்போதாவது.
எப்போதாவது என்பதன் கீழே இரண்டு கோடு.

கோட்டை நான் மதிக்கவில்லை.
நண்டு வாடையோடு வந்து கதவைத் திறந்தால்
பெட்டியின் ஓரத்தில் வந்து நிற்கும்.
வந்து நிற்கிற ஒன்றுக்குப் போடாமல் எப்படி?
ஒரு புழு.
அந்தப் புழுவுக்குத் துணையாக இன்னொன்று.

கழுத்தைவிட வால் தடித்தது.
அக்குளில் இரண்டு குமிழ் புடைத்தது.
தேறிவிட்டது என்று நினைத்தேன்.

ராமநாதபுரம் கால்நடை ஆஸ்பத்திரியில்
ஏழு ஆட்டுக்கும் ஒரு கன்றுக்கும் பின்னால் நின்றோம்.
டாக்டர் வாலைத் தடவிப் பார்த்தார்.
"சேமிப்பை வாலில் போட்டுவைக்கிற ரகம் இது.
நீங்க போனஸும் சேர்த்துப் போட்டுட்டீங்க."
அப்புறம் சிரிக்காமல் சொன்னார்,
"ஈரல் கெட்டுடும்மா."

தொண்ணூற்றொரு கிராம்.

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும்
கம்பெனி கழித்துக்கட்டிய தராசில்
காலி டப்பாவை வைத்து, பூஜ்யம் அழுத்தி,
அதை உள்ளே இறக்குவேன்.
அது அசைந்தால் எண்ணும் அசையும்.
இரண்டும் நிற்கும்வரை நானும் மூச்சு விடுவதில்லை.
இங்கே தண்ணீர்க் கழிவு இல்லை.

இதற்குள் தடைக்காலம் வந்துவிட்டது.
விசைப்படகுகள் கட்டிக் கிடந்தன.
எனக்குப் பாதி நாள், பாதிச் சம்பளம்.
செல்வின் வீட்டில் வலை பொத்திக்கொண்டிருந்தான்.
கருவாட்டுக் குழம்பு.
மறுநாள் அதே குழம்பு, கொஞ்சம் தண்ணீர் கூட.

ஆனாலும் கேரட் வாங்கினேன், பூச்சிக்கு.
பூச்சி பட்டினி கிடந்தால்
அதைத் தின்கிறதுக்கும் சத்து இல்லையாம்.
இரைக்கு இரை போடுகிறேன் என்று சொன்னபோது
வலை ஊசியைப் பல்லில் கடித்தபடி செல்வின்,
"அப்ப எனக்கும் ஒரு கேரட் போடு" என்றான்.
போட்டேன்.

எண்பத்தெட்டு. எண்பத்தாறு.
ஒரு ஞாயிறு மறுபடி எண்பத்தொன்பது.
தராசைக் குலுக்கிப் பார்த்தேன், பேட்டரி மாற்றினேன்.
நான் இல்லாத மத்தியானங்களில்
செல்வின் புழு போட்டது
புழு டப்பா காலியானபோதுதான் தெரிந்தது.
"வந்து நிக்குதே" என்றான்.
நான் திட்டவில்லை.
எந்த வாயால் திட்டுவது?

இன்று செவ்வாய். முறை வியாழன்.
கரண்ட் இல்லை, கச்சான் காற்று கதவைத் தட்டுகிறது.
மூடிய டப்பாவுக்குள் சில்வண்டுகள்
இன்னும் இரண்டு நாள் இருக்கிற தைரியத்தில்
கத்துகின்றன.
மெழுகுவர்த்தி வெளிச்சத்தில்
அது ஓரத்துக்கு வந்து, முன்கால் இரண்டையும்
கண்ணாடியில் ஊன்றி,
உதட்டை ஒருதரம் நக்கிக்கொள்கிறது.

கையை மடியில் வைத்துக்கொண்டிருக்கிறேன்.
இதை மட்டும்
முகத்தைப் பார்த்தபடியே
கழிக்க வேண்டியிருக்கிறது.