நான்கு மணியருகே ஒரு கீறல்

புதுசாய் வருபவற்றைப்
பழசாக்கி அனுப்புவது என் வேலை.
குவாங்சோ ரயில் நிலையத்துக்கு மேற்கே
லிஃப்ட் நிற்காத ஆறாவது மாடி.
ஒரு டோஸ்டர் அடுப்பு, ஒரு பூதக்கண்ணாடி,
நேற்றைய கறுந்தேநீர் அரைக் குவளை.
இருட்டில் ஒளிரும் எண்களைத்
தேநீர் தோய்ந்த தூரிகையால் தொடுவேன்.
ஒரு தொடலுக்கு முப்பது வருடம்.

கறுப்பு முகப்பை அடுப்பில் வைத்து
ஒன்பது நிமிடம் எண்ணுவேன்.
எட்டில் எடுத்தால் வெறும் அழுக்கு.
பத்தில் எடுத்தால் கருகல்.
ஒன்பதில்தான் வரும் அந்தப் பழுப்பு,
ஏதோ வெயில் நாட்டுத் துறைமுகத்தில்
யாரோ கழற்றாமல் கட்டியிருந்ததாக
வாங்குபவர் நம்பிக்கொள்கிற பழுப்பு.

நான் சேர்ந்த வருடம் எல்லாரும் கேட்டது பளபளப்பு.
சூப்புக் கிண்ணம் போல அகலம், கண் கூசத் தங்கம்.
ஃபெய் முதலாளி போனில் சொல்வார்:
"இன்னும் பெரிசு."
பிறகு நீலம். நீலம் அலுத்தபின் பச்சை.
பச்சை முகப்புகள் வாங்கி அடுக்கிய மாதம்
உலகம் சால்மன் மீன் நிறத்துக்குத் தாவிவிட்டது.
மூன்று பெட்டி பச்சை இன்னும் என் கட்டிலடியில்.
இப்போது மணிக்கட்டுகள் சுருங்கிவிட்டன போலும்;
முப்பத்தாறு மில்லிமீட்டர் போதுமாம்,
ஆனால் அடி வாங்கியிருக்க வேண்டுமாம்.

அடி கொடுக்கத் தெரிந்தவள்
இந்தத் தளத்தில் நான் மட்டும்.
மற்றவர்கள் சாவிக்கொத்தோடு பையில் போட்டுக் குலுக்குவார்கள்.
அது சாவிக்கொத்தின் வாழ்க்கை, மனிதனுடையதல்ல.
மேசை விளிம்பு ஒரு பக்கம்தான் உரசும், தினமும்.
கார் கதவு ஒரே ஒரு முறை, ஆனால் ஆழமாக.
தூக்கத்திலும் கழற்றாதவனுக்குக்
கொக்கி மட்டும் தேயும்.

ஞாயிறுகளில் தலைக்கு மை பூசுகிறேன்.
டப்பாவில் போட்டிருப்பது முப்பது நிமிடம்.
அதையும் எண்ணிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

மார்ச்சில் வந்தது அந்த ஆர்டர்.
ஆண்ட்வெர்ப்பில் குளிர்பதன லாரிகள் வைத்திருக்கும்
யோரிஸ் என்பவர்.
அசல் அவரிடமே இருக்கிறது, வங்கிப் பெட்டகத்தில்.
வெளியே கட்டப் பயம்.
இரண்டு தெரு தள்ளி ஒருவரின்
கையை முறுக்கிக் கழற்றிப் போனார்களாம்.
பதினான்கு படங்கள் அனுப்பியிருந்தார்:
"கீறல்கள் எல்லாம் அப்படியே வேண்டும்.
நான்கு மணியருகே இருப்பது ஆஸ்பத்திரிக் கட்டில் கம்பி.
மகள் பிறந்த இரவு.
அதற்குக் கீழே இருப்பது எப்படி வந்ததென்று
நினைவில்லை. ஆனாலும் போடுங்கள்."

மூன்று இரவுகள்.
ஊசி, உப்புத்தாள், அடக்கிய மூச்சு.
கம்பியை இறுகப் பிடித்திருப்பார், ஆகவே
கீறல் தொடங்குமிடம் அகலம், முடியுமிடம் மயிரிழை.
அவர் இடக்கையில் கட்டுபவர்,
நான் இடக்கையால் கீறுபவள்.
கடிகாரத்தைத் தலைகீழாய்த் திருப்பி வைத்துக்கொண்டு
அவர் மகளை
இன்னொரு முறை பிறக்கவைத்தேன்.

கிடைத்ததும் எழுதினார்:
எது எதுவென்று எனக்கே குழப்பம்.
கூடவே ஒரு கட்டைவிரல்.

நேற்று மறுபடியும் செய்தி.
"மகள் சைக்கிள் பழகுகிறாள்.
பிடிக்க ஓடியபோது செங்கல் சுவரில் உரசி
ஏழு மணியருகே புதிதாய் ஒரு கீறல்,
நீங்கள் செய்ததில்.
பெட்டகத்தைத் திறந்து பார்த்தேன்.
அசலில் அது இல்லை.
அன்று நான் வீட்டிலேயே இல்லாதது மாதிரி இருக்கிறது.
என்ன செய்யலாம்?"

அடுப்பில் ஒரு முகப்பு, ஏழாவது நிமிடம்.
ஒரு பதில் எழுதி அழித்தேன்.
இன்னொன்று எழுதி, அதையும்.
ஒன்பதில் முகப்பை எடுத்து ஆறவைத்துவிட்டு
கை துடைத்துத் தட்டினேன்:

அசலை அனுப்புங்கள்.
கீறலுக்கு நாற்பது யுவான்.
போலிக்கும் அதே விலைதான் வாங்கினேன்.