உள்தாழ்ப்பாள்

வில்லாபுரத்தில் ராத்திரி பத்தரைக்கும்
சுவர் சுடுகிறது.
அக்கினி பாதிகூடக் கழியவில்லை.
நாலு வாளி தண்ணீர் ஊற்றிய மாடியில்
பாய் விரித்து, அதற்கு நடுவில்
மலைகளைப் பரப்பி வைத்திருக்கிறோம்
ஒரே செல்போனுக்குள்.

சிறுமலை பக்கம்,
போன கையோடு திரும்பிவிடலாம் என்கிறார் இவர்.
லோடு வண்டி ஓட்டுகிறவருக்கு
ஒரு ஊர் பிடிப்பதும் பிடிக்காததும்
திரும்புகிற வழியைப் பொறுத்தது.
மேகமலை என்றால் கிளட்ச் ஞாபகம் வருகிறது.
கூடாரத்துக்கு ஒரு ராத்திரி வாடகையை
டீசலாக மாற்றிப் பார்த்து
உச்சுக்கொட்டுகிறார்.

குரங்கணியின் பெயர் வந்ததும்
யார் விரலோ வேகமாக மேலே தள்ளிவிட்டது.
ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

சின்னவன் தர்ஷனுக்கு யானை வேண்டும்.
ஆனால் தூரத்தில் வேண்டும்.
எவ்வளவு தூரம்டா?
நம்ம வீட்டுக்கும் ரேஷன் கடைக்கும் உள்ள தூரம்.
பிறகு போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு
இன்னும் கொஞ்சம் தள்ளி.

எனக்கு
ஒரு வேளையாவது யாராவது ஆக்கிப் போட்டால்
எந்த மலையும் மலைதான்.

இலக்கியா மட்டும் ஒன்றும் கேட்கவில்லை.
எல்லோரும் அசந்த பிறகு
தலையணையோடு உருண்டு வந்து
காதுக்குள் கேட்டாள்:
"பாத்ரூம்ல உள்ள தாப்பா இருக்குமாம்மா?"

பன்னிரண்டு முடிந்து நாலு மாதம் அவளுக்கு.
விரல் விட்டு எண்ணினேன்.
மே இருபத்திரண்டு.
கிளம்புகிற நாளும் அதுதான்.
தேதியை மாத்திருவமா?
"எதுக்குன்னு அப்பா கேப்பாரே."

மறுநாள் மத்தியானம் மருந்துக்கடையில்
ஆள் வராத நேரம் பார்த்து
ஒவ்வொரு நம்பராக அடித்தேன்.

சிறுமலைக்காரர், கேம்ப் ஃபயர் உண்டு என்றார்.
தாழ்ப்பாள்?
சிக்கன் வேணும்னா மொத நாளே சொல்லிரணும்.

மேகமலைக்காரர்,
கூடாரத்தைத் திறந்தால் மேகம் உள்ளே வரும் என்றார்.
பாத்ரூம் கதவைச் சாத்தினால்?
ஒரு சிரிப்பு.
"பூராம் ஃபேமிலிதாங்க்கா வருவாங்க, பயப்படாதீங்க."

மன்னவனூர்க்காரர்
பதினொரு படம் அனுப்பினார்.
பதினொன்றிலும் ஏரி.
ஒன்றிலும் கதவு இல்லை.

தாண்டிக்குடி நம்பரை ஒரு பெண் எடுத்தாள்.
கேட்டதும் பதில் சொல்லவில்லை.
"லைன்லயே இருங்க."
செருப்புச் சத்தம்.
நாய் இரண்டு தடவை.
எதன் மேலோ ஏறி நின்ற கோழிக்கு ஒரு வசவு.
மரக்கதவு தரையை உரசுவது.
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
அப்புறம்
டக்.

தாண்டிக்குடியில் போட்ட தாழ்ப்பாள்
மதுரையில் என் காதில் விழுந்தது.

"இருக்குக்கா. மழைக்குக் கதவு ஊதியிருக்கு,
லேசாத் தூக்கித் தள்ளணும்.
பிள்ளகிட்ட சொல்லி வைங்க."

பிள்ளை என்று நான் சொல்லவே இல்லை.

ஆயிரம் ரூபாய் முன்பணம் அனுப்பினேன்.
போனதாக வந்த செய்தியில்
பொன்மாரி என்று பெயர் இருந்தது.
இருமல் மருந்து கேட்டு வந்தவரை
ஒரு நிமிஷம் நிற்க வைத்துவிட்டு
அதை இன்னொரு தடவை வாசித்தேன்.

ராத்திரி இவர் கேட்டார்,
அங்க பாக்க என்ன இருக்கு?
ஏரி இல்ல, வியூ பாயிண்ட் இல்ல.
காத்து இருக்கு, என்றேன்.
யானை? என்றான் தர்ஷன்.
ரொம்பத் தள்ளி.

தட்டைக் கழுவப் போனவள்
வாசற்படியில் நின்று என்னைப் பார்த்தாள்.
சோற்றுக் கையோடு
காற்றில் ஒரு கதவை
லேசாகத் தூக்கி
தள்ளிக் காட்டினேன்.