ரெண்டு ஈ

ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில
'சொரிமுத்து, டோக்கன் நாப்பத்திரண்டு, வெயிட்'னா நர்ஸம்மா.
இவுக செருப்பைக் கழத்திப்போட்டு
எடைமிஷின்மேல ஏறி நின்னுட்டாவ.
முள்ளு அறுபத்தெட்டுல ஆட,
வரிசை முழுக்க ஒரே சிரிப்பு.
அப்பவே நான் சுதாரிச்சிருக்கணும்.

உள்ளே டாக்டர் குழாயை மடக்கிக்கிட்டே
'ஹார்ட்டு… வீக்கு'ன்னார்.
நடுவுல ஒரு கொட்டாவி.
சீட்டை என் கையில தந்துட்டு
அடுத்த ஆளைப் பாத்தார்.

பேட்டை வந்து சேருற வரைக்கும்
லோடு ஆட்டோ இருபதைத் தாண்டலை.

அன்னைக்கு வியாழக்கிழமை.
ராத்திரி யாரும் சொல்லாமலே எந்திச்சு
குடத்தை நிறைச்சு வச்சாவ.
வெள்ளிக்கிழமை டீக்கடை பாக்கி, ஆயிரத்து நானூறு.
சனிக்கிழமை, ஏடிஎம் நம்பரை
என் உள்ளங்கையில பால்பாயிண்டால எழுதி
மனப்பாடம் ஆனதும் எச்சில் தொட்டு அழிச்சாவ.
கல்யாணமாகிப் பதினாலு வருசத்தில
இந்தக் கையை அம்புட்டு நேரம்
பிடிச்சதில்லை அவுக.

'என்னாச்சு உங்களுக்கு?'
'டாக்டர் ஒரு வீக்குன்னார்லா'ன்னாவ,
சுவரைப் பாத்துக்கிட்டு.

வயிறு கலங்கிப்போச்சு எனக்கு.
விடிஞ்சதும் மகளை உலுக்கி எழுப்பினேன்.
முப்பிடாதி ஏழாவது, இங்கிலீஷ் மீடியம்.
கொட்டாவியோட விரலால தடவி வாசிச்சா:
'ரெண்டு ஈ உக்காந்திருந்தா வாரம்.
இதுல ஒரு ஈதான், பக்கத்துல ஏ.
நோஞ்சான்னு அர்த்தம்மா.
மாத்திரையே மூணு மாசத்துக்குல்லா எழுதியிருக்கு!'

வாயில ஒண்ணாத்தான் வருது ரெண்டும்.
தாளுக்குப் போனாத்தான் பிரியுது,
ஒரு ஈ பறந்த இடத்துல.

சொல்லத்தான் போனேன்.
வாசல்ல என் கொழுந்தன்.
ஒத்தைத் தென்னைமரத்துக்காக
பதினோரு வருசம் மூஞ்சி பாக்காதவன்
இவுக பக்கத்துல குந்தி,
ஒரே நுங்கை ரெண்டு பேருமா
விரலால தோண்டிக்கிட்டிருந்தாவ.

அடுப்படிக்கே திரும்பிட்டேன்.
பிள்ளை கையில அஞ்சு ரூபாயை அமுக்கி,
'மூச்சு விடாத ட்டி'ன்னேன்.
பாவந்தான். நாலஞ்சு நாள் பாவம்.
அதுல 'சாப்பிட்டியா'ன்னு
எத்தனை தடவை கேட்டாவங்கிறதை
நான் எண்ணிவச்சிருக்கேன்.

புதன்கிழமை டை வாங்கி வந்தாவ.
கருப்பாக் கிடந்தா
பாக்க வாறவுகளுக்கு நல்லாருக்குமாம்.
கண்ணாடி முன்னால நின்னு
மீசைக்கும் சேத்துப் பூசினாவ.
கதவு மறைவுல முப்பிடாதி
'யம்மா, இந்த டைக்கும் ஒரு எழுத்துதான்…'னு ஆரம்பிக்க
வாயைப் பொத்தினேன்.
என் கண்ணு நிக்கலை.
சிரிப்பா அழுகையா, அதுவும்
ஒண்ணு போலத்தான் இருந்தது.

மறு வெள்ளி விடியல்.
பால்வண்டி போயாச்சு.
கருத்த தலையோட மோட்டையே
வெகுநேரம் பாத்துக் கிடந்து
'ஏட்டி, இன்னும் இருக்கேனே'ன்னாவ.

சீட்டை நீட்டினேன். ஒத்தை ஈயைக் காட்டினேன்.
'எப்ப இருந்து தெரியும்?'
'ஞாயித்துக்கிழமை.'

அதுக்கப்புறம் சரியா ஒரு வீக்கு
எங்கூடப் பேச்சில்லை.
டீக்கடை ஆயிரத்து நானூறு போச்சேன்னு
தம்பிகிட்ட மட்டும் ஒரு முனகல்.

ஏடிஎம் நம்பரை மாத்தலை.