பதினாலாவது ஸ்லைடு

தேவகோட்டையில் கடல் கிடையாது.
இருந்தாலும் சனிக்கிழமை ஆறரை மணிக்கு
நான் அதைப் பற்றி இருபது நிமிடம் பேச வேண்டும்.
நோட்டீஸ் அடித்தாகிவிட்டது:
'நம் துறைமுகம், நம் வரலாறு.
உரை: சிகப்பி சொக்கலிங்கம், கூட்டுறவு வங்கி.'
'நம்' என்று போட்டது கமிட்டி.
தொண்டிக்காரர்களைக் கேட்டார்களா, தெரியவில்லை.

புதன் இரவுதான் கண்ணில் பட்டது.
மூன்று மாதமாய் முதல் ஸ்லைடில் நின்றிருந்த
பாய்மரக் காடு, கல் பதித்த படித்துறை
எதுவும் தொண்டி இல்லை.
பெரிதாக்கிப் பார்த்தால்
ஓரத்துக் கிடங்கின் நெற்றியில் நாகப்பட்டினம் என்றிருக்கிறது.
நெற்றியில் எழுதியிருந்ததை நான் படிக்கவில்லை.

'யாருக்கு ஆச்சி தெரியப்போகுது, கடல் கடல்தானே'
என்றார் செயலாளர் போனில்.
'அப்படியே நம்ம வீட்டுக் கப்பலையும்
ரெண்டு நிமிஷம் சேத்துக்குங்க.'
நான் வங்கியில் கையெழுத்துச் சரிபார்க்கிறவள்.
ஒரு சுழி மாறினாலும் செக்கைத் திருப்புகிறவள்.
படத்தை அழித்தேன்.

மிச்சமிருந்தது ஒரு பேரேடு.
செல்லரித்தது போக நாற்பத்தொரு பக்கம்.
அதில் அரிசி உண்டு, பாக்கு உண்டு,
தேக்கு வந்த தேதி உண்டு.
நடுநடுவே ஒரு வரி: 'தோள் கூலி.'
ஆளுக்கு அரையணா.
பெரிய முதலாளி இறங்கிய அன்று
'தோள் இரண்டு, ஓரணா.'
வாய்விட்டுச் சிரித்தேன்.
பிறகுதான் உறைத்தது,
கப்பல் கரைக்கே வந்ததில்லை.

வியாழன் அரை நாள் விடுப்பு. தொண்டி பஸ்.
பூகோள டீச்சர் பாத்துமுத்து
செருப்பைக் கையில் பிடித்து முன்னால் நடந்தார்.
நான் எண்ணிக்கொண்டே பின்னால்.
நூறு எட்டு: கணுக்கால்.
இருநூறு: முட்டி இன்னும் நனையவில்லை.
முந்நூற்றுப் பன்னிரண்டில் நண்டு கடித்து
எண்ணிக்கை விட்டுப்போனது.
ஆழம் இன்னும் அந்தப் பக்கம்,
ஒரு வள்ளம் ஆடிக்கொண்டிருந்த இடத்தில்.
இவ்வளவு தூரமும்
பட்டுவேட்டி நனையாமல்
ரங்கூன்
யாரோ ஒருவர் கழுத்தில் கால் போட்டு வந்திருக்கிறது.

'ஏறுங்க' என்றார் பாத்துமுத்து.
'ஆராய்ச்சின்னா ஆராய்ச்சி.'
ஏறினேன். ஐம்பத்தெட்டுக் கிலோ.
மூச்சு வாங்குவது என் தொடைக்குத் தெரிந்தது.
பத்தொன்பது எட்டு.
இருபதாவதில் இருவரும் தண்ணீரில்,
படம் எடுக்க வைத்திருந்த போனும் தண்ணீரில்.
வலை சிக்கெடுத்த பையன்கள் கைதட்டினார்கள்.
'இப்ப நான் தூக்குறேன்.'
நாலு எட்டு.
ஐந்தாவதை எங்கே வைப்பதென்று
என் காலுக்குத் தெரியவில்லை.

அரையணாவுக்கு எத்தனை எட்டு
என்று கணக்குப் போட்டபடி
சொட்டச் சொட்ட பஸ்ஸுக்கு நின்றோம்.
சீட் நனையும் என்று கண்டக்டர் உட்கார விடவில்லை.
தேவகோட்டை வரை கம்பியைப் பிடித்துக்கொண்டே.

வெள்ளி, ஒத்திகை.
பதின்மூன்று வரை வரைபடம், விலைவாசி, காற்றுத் திசை.
பதினாலில் ஒன்றுமில்லை, வெள்ளை.
அங்கே சொல்லப்போவதை எழுதி வைக்கவில்லை.
தூக்கியவர்களின் பெயர் பேரேட்டில் கிடையாது.
நானாக ஒன்று வைக்கவும் மாட்டேன்.
'புரொஜெக்டர் ரிப்பேர்னு நெனப்பாங்க ஆச்சி'
என்றார் மைக் செட் மாரிக்கண்ணு.
நினைக்கட்டும்.
பத்தொன்பது எட்டு வைக்கும் நேரம் நினைக்கட்டும்.

நாற்காலி முந்நூறு.
முதல் வரிசையில் பெயர்ச் சீட்டு ஒட்டியாகிவிட்டது.
பேரேட்டை எடுக்கக் கைப்பையைக் கவிழ்த்தேன்,
சாவி, பேனா, மூடி இல்லாத மாத்திரை டப்பா.
எல்லாம் அள்ளிக்கொண்டு இறங்கும்போது
பின்னாலிருந்து, துடைப்பத்தோடு ஒரு குரல்:
'இப்பத்தானே கூட்டுனேன்.
மேடையில மணலக் கொட்டுனது யாரு?'