படம் மூன்றில் ஒரு கட்டைவிரல்

நான்கு பக்கமும் இரண்டரை சென்டிமீட்டர்
ஓரம் விடச் சொல்கிறது இதழ்.
எங்கள் சதுப்பில் அது இருபத்தைந்து வருடம்.
பாசி செத்து, செத்த பாசிமேல் பாசி படிந்து
வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டர் ஏறும்,
அதுவும் மழை மனசு வைத்தால்.
இங்கே சுட்டியைப் பிடித்து ஓர் இழு.
ஆயிற்று.

தார்த்துவில் நவம்பர். நான்கு மணிக்கே இருட்டு.
சமையலறை மேசையில் கணினி,
கம்பு ரொட்டித் துணுக்கு, ஆறின காப்பி,
ஆசிரியர்களுக்கான அறிவுறுத்தல்கள் பதினெட்டுப் பக்கம்.
ஹில்லர் போகும்போது எடுத்துப்போனது
இரண்டு நாற்காலி, ஒரு துளைக்கருவி.
கட்டுரையை மட்டும் பிரிக்க முடியவில்லை.

சுருக்கம் இருநூற்றைம்பது சொல்லைத் தாண்டக்கூடாது.
என்னிடம் முந்நூற்று எட்டு.
முதலில் 'மிகவும்' போனது. போகட்டும்.
பிறகு 'உறைந்த'.
'பதினொரு குளிர்காலங்கள்' இரண்டு சொல்தான்,
அதைக் கடைசிவரை வைத்திருந்து
இருநூற்று ஐம்பத்திரண்டில் எடுத்தேன்.

மதிப்பிடுபவருக்கு நாங்கள் யாரென்று தெரியக்கூடாதாம்.
பெயர்ப் பக்கத்தைத் தனிக் கோப்பாக அறுத்து வைத்தேன்.
நன்றியுரையையும் அறுத்தேன்.
பனியில் சிக்கிய வண்டியை டிராக்டரால் இழுத்துவிட்ட லேமே
அதோடு போனாள்.
தேடு, மாற்று: நூற்றுப் பன்னிரண்டு இடம்.
நாங்கள் துளைத்தோம் – துளைக்கப்பட்டது.
நாங்கள் அளந்தோம் – அளக்கப்பட்டது.
மூடுபனியில் வழி தெரியாமல் பலகைப்பாதையில்
விடியும்வரை முதுகோடு முதுகாக உட்கார்ந்திருந்தோம் என்பது
முதலிலிருந்தே கட்டுரையில் இல்லை.

ஒரே ஓர் இடத்தில், முறைகள் பகுதியில்,
'நாம்' என்றிருந்தது.
வாசகரிடம் சொல்வதென்றால் 'நாங்கள்' தான் சரி.
'நாம்' என்று எழுதிய கை
எதிர் நாற்காலியில் இருந்த யாரிடமோ பேசியிருக்கிறது.
என் கையா, அவன் கையா, நினைவில்லை.
அதையும் செயப்பாட்டுவினை ஆக்கினேன்.

பங்களிப்பு: பெயர்களுக்கு மேல் ஒரு நட்சத்திரம்,
அடியில் 'இருவரும் சமமாகப் பங்களித்தனர்'.
இதே வாக்கியத்துக்கு வக்கீல்களுக்கு எட்டு மாதம் பிடித்தது.
நலமுரண் ஏதேனும் உண்டா?
இல்லை என்ற கட்டத்தைத் தட்டினேன்.
கொஞ்ச நேரம் கழித்துத்தான் தட்டினேன்.

படம் மூன்று: துளைமாதிரி, ஐந்நூறு வருட ஆழத்தில் சாம்பல் கோடு.
காட்டுத்தீ என்றேன் நான், குடியேற்றம் என்றான் அவன்,
கட்டுரையில் 'இரண்டுமாக இருக்கலாம்'.
அளவுகோல் இல்லாத படம் ஏற்கப்படாது.
தெளிவுத்திறன் போதும், கோடு துல்லியம்,
ஆனால் அளவு தெரிந்த பொருள் அதில் ஒன்றுகூட இல்லை,
மாதிரியைப் பிடித்திருந்த அவன் கட்டைவிரலைத் தவிர.

இரவு பதினொன்றுக்கு ஒரு வரி அனுப்பினேன்,
ஒன்றரை வருடத்தில் முதல் வரி:
உன் கட்டைவிரல் நகத்தின் அகலம் என்ன?
நான்கு நிமிடத்தில் பதில்.
'பதினேழு மில்லிமீட்டர். இப்போதுதான் அளந்தேன்.
வலதா இடதா என்று சொல்லவில்லையே.'
வலது, என்றேன்.
'அப்போ பதினேழரை.'

கோடு வரைந்தேன், விரலை வெட்டினேன், அனுப்பினேன்.

மூன்றாம் நாள் அலுவலகத்திலிருந்து திரும்பி வந்தது.
வரி எண்கள் இல்லை. சரி, என் தப்பு.
கூடவே: படம் மூன்றின் அளவுகோல்
எதைக் கொண்டு நிர்ணயிக்கப்பட்டது என விளக்கவும்.

வெட்டாத படத்தை மறுபடி ஏற்றினேன்.
நகத்தடியில் கறுப்பாகச் சதுப்பு,
ஓரத்தில் பழைய கத்திக்காயம்.
விரலில் பெயர் எழுதியில்லை, விதி மீறவில்லை.
விளக்கக் குறிப்பில் ஒரு வாக்கியம் சேர்த்தேன்,
அது வரி இருநூற்றுப் பதினான்கு:
அளவு, நகத்தின் அகலம் பதினேழரை மில்லிமீட்டர்
எனக் கொண்டு கணக்கிடப்பட்டது,
குளிரில் சற்றுக் குறைந்திருக்கலாம்.